மிஷன் ஊர்களில் குவாரனிகள் பெருகினார்களா, அழிந்தார்களா?

கேள்வி இதுதான்: "தென் அமெரிக்காவின் பராகுவே பகுதியில் இயேசு சபைப் பாதிரியார்கள் நடத்திய மிஷன்களில் குவாரனிப் பழங்குடியின் மக்கள்தொகை ஒன்றரை லட்சத்தை நெருங்கியது என்று ஓரிடத்தில் படித்தேன். இன்னோரிடத்தில் அடிமை வேட்டையாலும் நோயாலும் அவர்கள் அழிந்துபோனார்கள் என்று இருக்கிறது. எது சரி? கடைசியில் அந்த மக்கள் என்ன ஆனார்கள்?"

இரண்டும் சரிதான். ஒருவர் 1732-ஐப் பார்த்து எழுதியிருப்பார், இன்னொருவர் 1632-ஐயோ 1740-ஐயோ பார்த்து எழுதியிருப்பார். இந்த மக்கள்தொகையை ஒரே கோடாக, ஏறியது என்றோ இறங்கியது என்றோ சொல்ல முடியாது. பிறப்பு மிக அதிகம், இறப்பும் மிக அதிகம். நல்ல வருடங்களில் மடமடவென்று ஏறும். ஒரு கொள்ளைநோய் வந்தால் பத்து வருட ஏற்றம் ஒரே வருடத்தில் போய்விடும். கடைசியில் வந்த சரிவோ வேறு வகை. அதில் செத்தவர்களைப் போலவே ஊரைவிட்டுப் போனவர்களும் ஏராளம். கணக்கேட்டிலிருந்து பெயர் மறைந்ததை ஆளே மறைந்ததாக எடுத்துக்கொண்டதால்தான் "அழிந்துபோனார்கள்" என்ற பேச்சு இவ்வளவு தூரம் பரவியது என்பது என் எண்ணம்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பரனா, உருகுவே என்ற இரு பெரிய ஆறுகளும் அவற்றை ஒட்டிய காடும் புல்வெளியும்தான் களம். வீரமாமுனிவர் சார்ந்திருந்த அதே இயேசு சபை, 1609-ன் கடைசியில் இங்கே சான் இக்னாசியோ குவாசு என்ற முதல் மிஷனைத் தொடங்கியது. சிதறி வாழ்ந்த குவாரனிக் குடும்பங்களை ஒரே ஊரில் கூட்டிக் குடியமர்த்தி, ஞானஸ்நானம் கொடுத்து, ஸ்பானிய மன்னரின் குடிகளாக்குவதுதான் திட்டம். இப்படி உருவாகி நிலைத்த ஊர்கள் மொத்தம் 30. இன்றைய எல்லைப்படி 15 அர்ஜென்டினாவிலும், 8 பராகுவேயிலும், 7 பிரேசிலிலும் இருக்கின்றன. ஊர் ஒன்றுக்குப் பெரும்பாலும் இரண்டே பாதிரியார்கள். மற்றபடி குலத்தலைவர்களும் குவாரனிகளே அமர்ந்த ஊர்ச்சபையும்தான் அன்றாடத்தை நடத்தின. சில ஆயிரம் பேரை இரண்டு வெளியாட்கள் பிடித்து வைத்திருக்க முடியாது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மக்கள் எப்படிப் போனார்கள் என்பதற்கு இது உதவும்.

குவாரனிகள் ஏன் சம்மதித்தார்கள்? அசுன்சியோனை (இன்றைய பராகுவேயின் தலைநகர்) சுற்றியிருந்த ஸ்பானியர்கள் குவாரனிகளைக் கட்டாய வேலைக்குப் பிடித்தார்கள். கிழக்கே சாவோ பாலோவிலிருந்து வந்த போர்த்துகீசியக் கூட்டங்கள் அடிமைகளாகவே இழுத்துக்கொண்டு போனார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே மிஷன் ஒரு புகலிடம் போலத் தெரிந்தது. மிஷனில் இருப்பவரைத் தனி ஸ்பானியர் வேலைக்குப் பிடிக்கக் கூடாது என்ற பாதுகாப்பு பெரிய விஷயம்.

ஆனால் அந்தப் புகலிடமே முதலில் பொறியாகிவிட்டது. மேற்படி சாவோ பாலோ கூட்டங்களுக்குப் பண்டெய்ராண்டிகள் என்று பெயர். காட்டில் பத்துப் பத்துக் குடும்பமாகத் தேடிப் பிடிப்பதைவிட, பாதிரியார் ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் சேர்த்து வைத்த ஊரில் புகுவது அவர்களுக்கு எளிது. 1628-லிருந்து குவைரா பகுதியில் (இன்றைய பிரேசிலின் பரனா மாநிலம்) ஊர் ஊராக விழுந்தது. எத்தனை பேரைக் கொண்டு போனார்கள் என்பதற்குப் பாதிரியார்கள் தந்த எண்கள் பல பத்தாயிரங்களில் இருக்கின்றன. அவை மன்னரிடம் முறையிடும்போது சொன்னவை, அதனால் அவற்றை அப்படியே கூட்டிப் பார்க்க நான் துணியமாட்டேன். ஆனால் சேதம் மிகப் பெரியது என்பதில் சந்தேகமில்லை. பத்துக்கு மேற்பட்ட மிஷன்கள் இருந்த பகுதி நான்கே வருடங்களில் காலியானது.

மிஞ்சியவர்களை அந்தோனியோ ரூயிஸ் தெ மொந்தோயா என்ற பாதிரியார் 1631-ல் ஆற்று வழியாகத் தெற்கே கூட்டிக்கொண்டு கிளம்பினார். அவர் கணக்குப்படி 700 தெப்பமும் ஓடமும், 12,000-க்கு மேற்பட்ட மக்கள். வழியில் குவைரா அருவித்தொடர். அதில் ஓடம் இறங்காது. ஆள் இல்லாத ஓடங்கள் சிலவற்றை விட்டுப் பார்த்தார்கள்; எல்லாம் சுக்குநூறு. அப்புறம் குழந்தை குட்டி, மூட்டை முடிச்சோடு காட்டு வழியே நடந்து அருவியைத் தாண்டி, கீழே மறுபடி ஓடம் கட்ட வேண்டியிருந்தது. பசி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு. போய்ச் சேர்ந்த இடத்திலும் விதைத்து அறுக்கும்வரை சோறு இல்லை. கொஞ்ச காலத்தில் ஏறத்தாழ 4,000 பேர்தான் மிஞ்சினார்கள். லொரேத்தோ, சான் இக்னாசியோ மினி என்ற இரண்டு ஊர்களாக அவர்கள் மறுபடி அமர்ந்தார்கள். இன்று சுற்றுலாப் படங்களில் சிவப்புக் கல் வாசலோடு வரும் சான் இக்னாசியோ மினி, இப்படி ஓடிவந்து உட்கார்ந்த ஊர்.

அடுத்து 1636-லிருந்து இன்றைய ரியோ கிராந்தே தோ சுல் பகுதியில் இருந்த தாப்பே மிஷன்களுக்கும் இதே கதி. மொந்தோயா ஸ்பெயினுக்குப் போய் வாதாடி, குவாரனிகள் துப்பாக்கி வைத்துக்கொள்ள மன்னரின் அனுமதிக்கு வழி செய்தார். 1641 மார்ச்சில் உருகுவே ஆற்றின் ம்பொரொரே கரையில் குவாரனிப் படை பண்டெய்ராண்டிகளைத் தோற்கடித்தது. சில்லறைத் தாக்குதல்கள் பிறகும் நடந்தன, ஆனால் ஊரையே அள்ளிக்கொண்டு போகும் காலம் முடிந்தது. மக்கள்தொகை வரலாற்றைப் பொறுத்தவரை இந்த ஒரு சண்டை எந்த மருந்தையும் விடப் பெரிய காரியம் செய்தது.

1647-ல் எண்ணியபோது எல்லா மிஷன்களிலும் சேர்த்து 28,000 சொச்சம் பேர். 1702-ல் 89,000-க்கு மேல். 1732-ல் 1,41,182. இதுதான் உச்சம், நீங்கள் படித்த எண்ணும் இதுவாகத்தான் இருக்கும். வெறும் எண்ணாகப் பார்த்தால் இதன் பருமன் பிடிபடாது. அதே காலத்தில் புவெனோஸ் ஐரெஸ் நகரத்தின் மக்கள்தொகை பத்தாயிரத்தை ஒட்டித்தான் இருந்தது. அப்படியென்றால் அந்தப் பிரதேசத்தின் பெரிய மக்கள் கூட்டமே இந்த 30 ஊர்களில்தான். சராசரி போட்டால் ஊருக்கு 4,700 பேர்.

85 வருடத்தில் ஐந்து மடங்கு. வருடத்துக்குச் சுமார் 1.9 சதவீத வளர்ச்சி. அம்மை ஊசி இல்லாத காலத்தில், அமெரிக்கக் கண்டம் முழுக்கப் பழங்குடி மக்கள் சரிந்துகொண்டிருந்த காலத்தில், இது அசாதாரணம். கலிபோர்னியா மிஷன்களில் பிறப்பைவிட இறப்பு எப்போதும் அதிகம். வெளியிலிருந்து புது ஆட்களைச் சேர்த்துக்கொண்டே இருந்தால்தான் ஊர் நிற்கும். குவாரனி மிஷன்களிலும் ஆரம்பத்தில் காட்டிலிருந்து புதிதாக வந்து சேர்ந்தவர்கள் உண்டு. ஆனால் 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து வளர்ச்சியின் பெரும்பங்கு ஊருக்குள்ளேயே பிறந்த குழந்தைகளால் வந்தது.

எப்படி? கல்யாணம்தான் திறவுகோல். பெண்ணுக்குப் பதினைந்து வயது, பையனுக்குப் பதினேழு வயது ஆனதும் பாதிரியார்கள் மணம் முடித்து வைத்தார்கள். இளைஞர்களைக் கல்யாணமாகாமல் விட்டு வைத்தால் பாவத்தில் விழுவார்கள் என்பது அவர்கள் பயம். காரணம் எதுவானாலும், விளைவு மக்கள்தொகைக் கணக்கில் தெரிகிறது. கல்யாணமாகாத பெண் என்பவரே அரிது. துணையை இழந்தவர்கள் சீக்கிரம் மறுமணம் செய்தார்கள். ஆயிரம் பேருக்கு வருடத்துக்கு ஐம்பதுக்கு மேல் பிறப்பு என்பது இங்கே சாதாரணம். ஒரு பெண் கருவுறும் வயது முழுக்க உயிரோடு, கணவனோடு இருந்தால் ஏழெட்டுக் குழந்தை பெறுவாள். ஆனால் வீட்டில் எண்ணினால் நாலு அல்லது நாலரை பேர்தான். மீதிப் பிள்ளைகள் எங்கே என்று கேட்டால், கல்லறையில் என்பதுதான் பதில். சாதாரண வருடங்களிலேயே குழந்தைச் சாவு அவ்வளவு.

ஊர் நிரம்பி வழிந்தால் இரண்டாகப் பிரிப்பார்கள். தேனீக்கூடு பிரிவது போலத்தான். சான் மிகேல் ஊர் பெருத்தபோது 1697-ல் அந்தோன் செப் என்ற பாதிரியார் அதிலிருந்து ஒரு பகுதிக் குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு போய் சான் ஜுவான் பாவ்திஸ்தாவை அமைத்தார். சான்தா ரோசா, திரினிதாத் போன்ற ஊர்களும் இப்படிப் பிரிந்து வந்தவைதான். பிரியும்போது தனித்தனிக் குடும்பமாகப் பொறுக்கி எடுக்கவில்லை. குலத்தலைவரோடு அவர் கூட்டம் முழுவதும் நகரும். மிஷன் கணக்கேடுகளே அப்படித்தான் எழுதப்பட்டன: முதலில் குலத்தலைவர் பெயர், அவருக்குக் கீழே அவர் மக்கள் வீடு வீடாக. காட்டில் இருந்த பழைய உறவு முறை நூற்றைம்பது வருடம் மிஷனுக்குள்ளும் உயிரோடு இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கணக்கேடு என்று சொன்னதால், எண்களை எவ்வளவு நம்பலாம் என்பதையும் பார்த்துவிடலாம். ஒவ்வொரு ஊரின் பாதிரியாரும் ஆண்டுதோறும் ஒரு பட்டியல் அனுப்புவார். எத்தனை குடும்பம், மனைவியை இழந்தவர்கள், கைம்பெண்கள், சிறுவர், சிறுமியர், அந்த வருடத்து ஞானஸ்நானம், கல்யாணம், பெரியவர் சாவு, குழந்தைச் சாவு. 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பல கிராமங்களுக்கே இவ்வளவு தெளிவான தொடர் கணக்கு கிடையாது. மக்கள்தொகை வரலாற்று ஆய்வாளர்கள் இந்த மிஷன்களை விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் அதுதான்.

ஓட்டைகளும் உண்டு. ஞானஸ்நானத்துக்கு முன்பே இறந்த சிசு எந்தப் பட்டியலிலும் வராது. இன்னொன்று வரி. 18 முதல் 50 வயது வரையிலான ஆண் ஒருவருக்கு வருடம் ஒரு பேசோ தலைவரி. குலத்தலைவரும் அவர் மூத்த மகனும் விலக்கு. ஆகவே ஆள் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்ட ஒரு காரணம் இருந்தது, அசுன்சியோன் ஸ்பானியர்கள் அந்தக் குற்றச்சாட்டை ஓயாமல் சொன்னார்கள். அரசு அதிகாரிகள் நேரில் வந்து எண்ணிய தருணங்களும் உண்டு. பெரிய மோசடி இருந்ததாகச் சொல்ல முடியாது; பொதுப் போக்கைப் பாதிரியார் கணக்கு சரியாகவே காட்டுகிறது.

அந்தப் பட்டியலில் ஒரு வரி எப்போதும் கண்ணில் படும். மனைவியை இழந்த ஆண்கள் கொஞ்சம், கணவனை இழந்த பெண்கள் நிறைய. ஆண்கள் சீக்கிரம் மறுமணம் செய்வது ஒரு காரணம். படை, படகு, தேநீர் போலக் குடிக்கும் யெர்பா மாத்தே இலை வெட்டு என்று போன ஆண்கள் திரும்பாதது இன்னொன்று. திரும்பாதவனின் மனைவியை எங்கே வைப்பது? இதற்கென்றே ஊர்களில் கோத்தி குவாசு என்று ஒரு கட்டடம் இருந்தது. குவாரனியில் பெரிய அறை என்று பொருள். கைம்பெண்களும் அநாதைப் பெண்களும் கணவன் ஓடிப்போன பெண்களும் அங்கே அடைபட்டிருந்தார்கள், பஞ்சு நூற்றார்கள். பாதுகாப்பு என்பார்கள் பாதிரியார்கள். பூட்டு வெளிப்பக்கம் இருந்தால் அதற்கு வேறு பெயர் என்பேன் நான்.

இனி 1730-கள். இந்தக் கதையில் நின்று பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

பெரியம்மையும் தட்டம்மையும் இதற்கு முன்பும் வந்திருக்கின்றன. 1718-19-ல் பெரியம்மை பல ஆயிரம் பேரைக் கொண்டுபோனது, ஆனால் பத்துப் பதினைந்து வருடத்தில் ஊர் நிமிர்ந்துவிட்டது. பெரியம்மை ஏன் அலை அலையாக வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மீதி எளிது. ஒருமுறை வந்து பிழைத்தவருக்கு அது மறுபடி வராது. 1,41,000 பேர் முப்பது ஊரில் இருந்தாலும், நோயை ஊருக்குள்ளேயே நிரந்தரமாக வைத்திருக்க அந்த எண்ணிக்கை போதாது. அம்மை தீர்ந்து போகும். அப்புறம் பதினைந்து இருபது வருடம் பிறக்கும் பிள்ளைகள் யாருக்கும் எதிர்ப்புசக்தி இருக்காது. அடுத்த முறை ஒரு படகில் அம்மை வந்து இறங்கும்போது ஊரில் பாதிப் பேர் புதியவர்கள். பிறப்பு அதிகமாக இருந்த ஊரில் இந்தப் புதியவர்கள் இன்னும் சீக்கிரம் சேர்ந்துவிடுவார்கள். மக்களைப் பெருக்கிய அதே பிறப்பு விகிதம்தான் அடுத்த கொள்ளைநோய்க்கு விறகையும் அடுக்கி வைத்தது.

படகு சும்மா வரவில்லை. மிஷன்கள் யெர்பா மாத்தே இலையும் பருத்தித் துணியும் ஏற்றிக்கொண்டு சான்தா ஃபே, புவெனோஸ் ஐரெஸ் வரை ஆற்றில் போய் வந்தன. மன்னருக்காகப் படையும் போனது. போர்த்துகீசியரின் சக்ரமென்தோ கோட்டையை 1680-லும் 1704-05-லும் முற்றுகையிட்டது பெரும்பாலும் குவாரனி ஆட்கள்தான். மோன்தெவிதேயோ கட்டப்பட்டபோது மண் சுமந்ததும் அவர்களே. போனவர்கள் திரும்பும்போது நோயும் கூடவே வந்தது. ஊருக்குள் வீடுகள் நீள வரிசையாகச் சுவரோடு சுவர் ஒட்டி, ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. ஞாயிறன்று எல்லோரும் ஒரே கோயிலில். அம்மைக்கு இதைவிட வசதி வேண்டாம்.

1730-களில் இதோடு வேறு துன்பங்களும் சேர்ந்தன. அசுன்சியோனில் 1721-லிருந்து ஸ்பானியக் குடியேறிகளின் கொமுனேரோ கலகம். அதை அடக்க ஆளுநர்கள் மிஷன்களிடமிருந்து ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கேட்டார்கள். அந்த ஆண்கள் மாதக்கணக்கில் தெபிக்குவாரி ஆற்றங்கரை முகாம்களில் கிடந்தார்கள். உழ ஆள் இல்லை. 1733, 34-ல் மழையும் பொய்த்தது. படைக்கும் தின்னக் கொடுக்க வேண்டும், ஊருக்கும் வேண்டும். காட்டு மாட்டு மந்தைகளோ ஏற்கெனவே அடித்துத் தின்று தீர்ந்துகொண்டிருந்தன. பஞ்சம் வந்தது. 1733-ல் நோயும் வந்தது. அந்த ஒரு வருடச் சாவு மட்டும் 18,000-க்கு மேல். பசித்தவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள், ஆயிரக்கணக்கில். சிலர் காட்டுக்கு, சிலர் மாட்டைத் தேடித் தெற்கே, சிலர் ஸ்பானியப் பண்ணைகளுக்கு. ஓடியவர்கள் நோயையும் கொண்டு போனார்கள். இத்தனைக்கும் பிறகு, எஞ்சியவர்கள் மூச்சு விடுவதற்குள், 1738-ல் பெரியம்மை தொடங்கி இரண்டு வருடம் ஊர் ஊராகச் சுற்றியது.

1740-ல் எண்ணியபோது 74,000-க்கும் சற்றுக் குறைவு. எட்டே வருடத்தில் பாதி.

"நோய் வந்தது, எதிர்ப்புசக்தி இல்லை, செத்தார்கள்" என்று ஒரே வரியில் முடிப்பவர்களிடம் எனக்கு உடன்பாடு இல்லாதது இங்கேதான். குவாரனிகள் அப்போது பெரியம்மையை நூறு வருடத்துக்கு மேலாகப் பார்த்தவர்கள். 1718-ல் வந்ததும் அதே கிருமிதான், அப்போது ஊர் பாதியாகவில்லை. 1730-களில் பாதியானதற்குக் காரணம், கிருமி வந்த நேரத்தில் ஆண்கள் முகாமிலும் களஞ்சியம் காலியாகவும் மக்கள் சாலையிலும் இருந்ததுதான். காய்ச்சலில் கிடப்பவருக்குக் கஞ்சி கொடுக்க ஆள் இருந்தாலே பலர் பிழைப்பார்கள். வீடு முழுக்க ஒரே சமயத்தில் படுத்தால் தண்ணீர் எடுக்கவும் ஆள் இல்லை.

பாதிரியார்கள் சும்மா இருந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. ஊருக்கு வெளியே குடிசைகள் போட்டு நோயாளிகளைப் பிரித்து வைத்தார்கள். குருசுயா என்று அழைக்கப்பட்ட குவாரனி மருத்துவ உதவியாளர்கள் சிலுவை முனைக் கோலோடு வீடு வீடாகப் போய் யாருக்கு என்ன என்று பார்த்து வந்தார்கள். பெத்ரோ மொந்தெநேக்ரோ என்ற சபைச் சகோதரர் அந்த மண்ணின் மூலிகைகளைத் தொகுத்து எழுதியது 1710 வாக்கில். பிரித்து வைத்தது கொஞ்சம் உதவியிருக்கும். மூலிகை பெரியம்மையை நிறுத்தாது.

எல்லா ஊரும் ஒன்றுபோல் அடிபடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மொத்த எண்ணை மட்டும் பார்ப்பவர்கள் இதைத் தவறவிடுவார்கள். உருகுவே ஆற்றின் தெற்குக் கோடியில், பெரிய மாட்டுப் பண்ணைகளோடு மற்ற ஊர்களிலிருந்து தள்ளி இருந்த யபெயு, 1738-40 அம்மையில் தப்பித்தது. மற்ற ஊர்கள் சுருங்க அது வளர்ந்து, 1767 வாக்கில் ஏறத்தாழ 8,000 பேரோடு முப்பதிலும் பெரிய ஊரானது. ஆனால் தப்பித்த ஊர் என்றால் எதிர்ப்புசக்தி இல்லாத ஊர் என்றும் பொருள். 1770-72-ல் பெரியம்மை கடைசியில் அங்கே வந்தபோது சுமார் 5,000 பேர் இறந்தார்கள். அடுத்த சில வருடங்களில் அந்த அரைகுறை ஊருக்குத் துணை ஆளுநராக வந்தவர் ஜுவான் தெ சான் மார்த்தின் என்ற அதிகாரி. பின்னாளில் அர்ஜென்டினாவின் விடுதலை வீரராகப் புகழ்பெற்ற ஹோசே தெ சான் மார்த்தின் அங்கே 1778-ல் பிறந்தது அதனால்தான்.

1740-க்குப் பிறகு மறுபடியும் பழைய கதை: மறுமணங்கள், குழந்தைகள், ஏற்றம். 1750-களின் நடுவில் லட்சத்தை ஒட்டி வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து 1750-ல் மாத்ரித் ஒப்பந்தம். ஸ்பெயினும் போர்த்துகலும் வரைபடத்தில் கோடு போட்டு, உருகுவே ஆற்றுக்குக் கிழக்கே இருந்த ஏழு ஊர்களை, கிட்டத்தட்ட 30,000 பேரை, எழுந்து ஆற்றைக் கடந்து போகச் சொன்னார்கள். போகமாட்டோம் என்றார்கள் குவாரனிகள். 1756 பிப்ரவரி 7-ல் அவர்கள் தளபதி செப்பே தியாராஜு கொல்லப்பட்டார். மூன்று நாள் கழித்து காய்போவாத்தேயில் இரண்டு ஐரோப்பியப் படைகளும் சேர்ந்து சுமார் 1,500 குவாரனிகளைக் கொன்றன. 1761-ல் ஒப்பந்தம் ரத்து. மக்கள் திரும்பினார்கள், ஆனால் எல்லோரும் இல்லை. சில ஆயிரம் பேர் போர்த்துகீசியர் பக்கம் போய்விட்டார்கள். போர்த்தோ அலெக்ரே அருகே இன்று கிரவதாய் என்று இருக்கும் நகரம், அவர்களுக்காக அமைத்த குடியிருப்பாகத் தொடங்கியது. 1764-65-ல் மீண்டும் பெரியம்மை.

1767-ல் ஸ்பானிய மன்னர் மூன்றாம் கார்லோஸ் இயேசு சபையைத் தன் நாடுகளிலிருந்தே வெளியேற்றினார். குவாரனி மிஷன்களில் அது 1768-ல் நடந்தது. அப்போது அங்கே 88,000 சொச்சம் பேர். 1801-ல் ஏறத்தாழ 45,000.

பாதிரியார்கள் போனதும் குவாரனிகள் காட்டுக்கு ஓடிவிட்டார்கள், ஊர் அழிந்தது என்று பழைய புத்தகங்களில் எழுதுவார்கள். இது பாதிரியார்களின் அபிமானிகளுக்கும் பிடித்த கதை, எதிரிகளுக்கும் பிடித்த கதை. முதல் கூட்டம் "அவர்கள் இல்லாமல் குவாரனிகளால் முடியவில்லை பார்" என்பார்கள். இரண்டாம் கூட்டம் "குழந்தைகளைப் போல வளர்த்துவிட்டார்கள், அதனால்தான்" என்பார்கள். கணக்கேடுகள் சொல்வது வேறு. அரசு நிர்வாகிகள் எழுதிய பதிவேடுகளில் பெயருக்குப் பக்கத்தில் "ஓடிப்போனார்" என்ற குறிப்பு பக்கம் பக்கமாக வருகிறது. போனவர்களில் இளம் ஆண்கள் அதிகம். நெசவு, தச்சு, கொல்லு, இசை, மாடு மேய்ப்பு எல்லாம் தெரிந்த ஆட்கள் அவர்கள். ஊரில் இருந்தால் பொது வேலைக்குக் கூலி கிடையாது; புது நிர்வாகிகள் பொதுச் சொத்தையும் சூறையாடிக்கொண்டிருந்தார்கள். வெளியே பண்ணையில் வேலை செய்தால் கையில் காசு. புவெனோஸ் ஐரெஸ், கொரியென்தெஸ், மோன்தெவிதேயோ, ரியோ கிராந்தே எங்கும் ஆள் பற்றாக்குறை. இளம் ஆண்கள் போனால் ஊரில் பிறப்பும் குறையும். அம்மைச் சாவைப் பழையபடி ஈடுகட்ட முடியாமல் போனது அதனால்தான்.

1800-ல் அவிலேஸ் என்ற ராஜப்பிரதிநிதி சில நூறு குடும்பங்களைப் பொது உழைப்பு முறையிலிருந்து விடுவித்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1801-ல் கிழக்கு ஏழு ஊர்களைப் போர்த்துகீசியர் பிடித்தார்கள். அடுத்து விடுதலைப் போர்கள். குவாரனித் தளபதி அந்திரெசித்தோ மிஷன்களை ஒன்றுசேர்க்கப் போராடியதற்குப் பதிலடியாக, 1817-ல் போர்த்துகீசியப் படை யபெயு உள்படப் பல ஊர்களை எரித்தது. இன்னும் சில ஊர்களைப் பராகுவே ஆட்சியாளர் பிரான்சியாவின் ஆட்கள் எரித்தார்கள். 1828-ல் ஃபுருக்துவோசோ ரிவேரா என்ற தளபதி கிழக்கு ஊர்களிலிருந்து பல ஆயிரம் பேரைக் கூட்டிக்கொண்டு உருகுவே நாட்டின் வடகோடியில் பெயா உனியோன் என்ற ஊரில் குடியேற்றினார். கடைசியாக 1848 அக்டோபரில் பராகுவேயில் கார்லோஸ் அந்தோனியோ லோபெஸ் பழங்குடி ஊர்களைக் கலைத்து, எல்லோரையும் குடிமக்கள் என்று அறிவித்து, பொது நிலத்தையும் மாட்டையும் அரசுக்கு எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து "மிஷன் குவாரனி" என்று கணக்கேட்டில் ஒரு வகை கிடையாது.

ஆகவே உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். எங்கே போனார்கள்? உருகுவேயின் பழைய கோயில் பதிவேடுகளில் மிஷன் ஊர்களைப் பிறந்த இடமாகச் சொன்ன பெற்றோர் நிறைய. கொரியென்தெஸ் மாகாணத்தின் மாட்டுக்காரர்கள், ரியோ கிராந்தேயின் கௌச்சோக்கள் (குதிரையேறி மாடு மேய்ப்பவர்கள்), தெற்குப் பராகுவேயின் விவசாயிகள், இவர்களின் குடும்ப மரத்தில் பல தலைமுறை மேலே போனால் மிஷன் ஊர் ஒன்று வந்து நிற்கும். பெயரும் உடையும் ஸ்பானியமானதால் கணக்கில் அவர்கள் பழங்குடி இல்லை.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் பயணக் கட்டுரைகளில் இது அடிக்கடி வருகிறது. பிரேசிலில் சான் மிகேல் இடிபாடுகளுக்குப் போனால், நிழலில் துணி விரித்து மரத்தில் செதுக்கிய சிறு விலங்குகளையும் கூடைகளையும் விற்கும் குவாரனிக் குடும்பங்களைப் பார்க்கலாம். "மிஷனைக் கட்டியவர்களின் கடைசி வாரிசுகள்" என்று படத்துக்குக் கீழே எழுதுவார்கள். அவர்கள் ம்பியா பிரிவினர். அவர்களின் முன்னோரில் பெரும்பாலோர் மிஷனுக்குள் வராமல் காட்டிலேயே இருந்தவர்கள். மிஷன் மக்களின் வழித்தோன்றல்கள் அதே வளாகத்தில் நுழைவுச்சீட்டு கொடுப்பவராகவோ, அந்தப் படத்தை எடுத்தவருக்குக் காரோட்டி வந்தவராகவோ இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.